ஏற்காட்டு மலையில் நின்று விண்வெளிச் சரக்குக் கப்பலைக் கண்ணில் பிடிப்பது எப்படி?

சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை. சேலம் புதிய பஸ் ஸ்டாண்டின் வெளிச்சத்துக்கு நடுவில் நின்றாலும் தெரியும். உச்சிக்கு வரும்போது வெள்ளிக் கிரகத்துக்குச் சமமாக மின்னும். அதற்குச் சாப்பாடும் தண்ணீரும் ஆய்வுக் கருவிகளும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே துரத்தி வரும் சரக்குக் கப்பல் அப்படியல்ல. அது சிறியது, மங்கலானது. வருடத்தில் சில நாட்கள் மட்டுமே தனியாக வானத்தில் ஓடும், அந்த நாட்களிலும் நம் ஊர் வழியாகச் சரியான நேரத்தில் போக வேண்டும். ஏற்காட்டு இருட்டு இங்கேதான் உதவுகிறது. ஆனால் இருட்டைவிட முக்கியம் ஒன்று உண்டு: நிலையத்துக்கும் கப்பலுக்கும் இடையே எத்தனை நிமிட இடைவெளி என்பது. அதைக் கணக்கிடத் தெரிந்தவர் மொட்டை மாடியிலிருந்தே பார்த்துவிடுவார். தெரியாதவர் சேர்வராயன் கோயில் மேட்டில் விடிய விடிய நின்றாலும் கொசுக்கடிதான் மிச்சம்.

எந்தக் கப்பல், எத்தனை நாள்

2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன்தான் நிலையத்தை அடைந்த முதல் தனியார் சரக்குக் கப்பல். 2013 செப்டம்பரில் இன்னொரு தனியார் சரக்குக் கப்பலான சிக்னஸ் சேர்ந்துகொண்டது. 2020 அக்டோபரில் போன சிக்னஸுக்குக் கல்பனா சாவ்லாவின் பெயரை வைத்திருந்தார்கள். ரஷ்யாவின் புரோகிரஸ் அதற்கும் மிக மூத்தது. அது அரசுக் கப்பல்.

நமக்கு வேண்டியது, ஏவியதிலிருந்து சேரும்வரை எவ்வளவு நேரம் கப்பல் தனியாக ஓடுகிறது என்பது. டிராகனுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நாள். சிக்னஸுக்கு ஏறக்குறைய இரண்டு நாள். புரோகிரஸ் வழக்கமாக இரண்டு நாள் எடுக்கும், சில முறை மூன்றரை மணி நேரத்திலேயே போய் ஒட்டிக்கொண்டதும் உண்டு; அப்படிப்பட்ட பயணம் நமக்குப் பயன்படாது. ஆக, நின்று நிதானமாகப் பார்க்க ஏற்றது சிக்னஸ்.

தாமதம் நேர்ந்தால் நமக்கு லாபம். 2013இல் முதல் சிக்னஸ், நிலையத்தோடு தன் ஜிபிஎஸ் தரவு ஒத்துப்போகாததால் ஒரு வாரம் வெளியே காத்திருந்தது. 2025 செப்டம்பரில் போன பெரிய சிக்னஸின் முதன்மை எஞ்சின் திட்டமிட்டதற்கு முன்பே நின்றுவிட, சேருவது ஒரு நாள் தள்ளிப்போனது. இப்படிச் செய்தி வந்தால் பையை அவிழ்க்காதீர்கள், இன்னொரு இரவு கிடைத்திருக்கிறது.

இடைவெளிக் கணக்கு

கப்பல் நிலையத்தைவிடத் தாழ்வான பாதையில் ஏவப்படுகிறது. தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும். நிலையம் சுமார் 420 கி.மீ. உயரத்தில் 93 நிமிடத்துக்கு ஒரு சுற்று, 200 கி.மீ. உயரத்தில் இருப்பதற்கு ஏறக்குறைய எண்பத்தெட்டரை நிமிடம் போதும். உள்வட்டத்தில் ஓடுபவன் வெளிவட்டத்தில் ஓடுபவனை எட்டிப் பிடிப்பது போலத்தான். மனதில் வைக்க வேண்டிய எண் ஒன்றே: 10 கி.மீ. தாழ்வுக்கு ஒரு சுற்றுக்கு 12 விநாடி மிச்சம். தூரமாகச் சொன்னால் சுமார் 94 கி.மீ.

இதை நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள்களின் பாதை எண்களை வெளியிடும் செலஸ்ட்ராக் இணையதளத்தில் விண்வெளி நிலையங்கள் என்ற தொகுப்பைத் திறந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி எண்கள் இருக்கும். நிலையத்தின் எண் 25544. இரண்டாம் வரியில் 53ஆம் இடத்திலிருந்து 63ஆம் இடம் வரை உள்ள எண்தான் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பது. 1440ஐ அதால் வகுத்தால் ஒரு சுற்றின் நிமிடம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, நிலையத்துக்கு 15.50 என்றும் கப்பலுக்கு 15.65 என்றும் இருக்கிறது என வையுங்கள். முன்னது 92.90 நிமிடம், பின்னது 92.01 நிமிடம். வித்தியாசம் 0.89 நிமிடம், அதாவது ஒரு சுற்றுக்கு 53 விநாடி. ஹெவன்ஸ் அபவ் இணையதளத்தில் இரண்டுக்கும் ஏற்காட்டுக் கடப்பு நேரத்தை, அதாவது அந்த ஊர் வானத்தைக் கடந்து போகும் நேரத்தை, எடுத்தால், நிலையத்துக்கு 9 நிமிடம் பின்னால் கப்பல் வருகிறது என்று தெரிகிறது. 540 விநாடியை 53ஆல் வகுத்தால் பத்துச் சுற்று. பாதையை மாற்றாவிட்டால் பதினைந்தரை மணி நேரத்தில் அது நிலையத்தின் அடியில் வந்துவிடும். மாற்றுவார்கள், நெருங்க நெருங்க உயரம் ஏற்றி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். அதனால்தான் இந்தக் கணக்கைக் காலையில் போட்டுவிட்டு மாலை வரை நம்பக் கூடாது.

எவ்வளவு பிசகும்? எஞ்சினை எரித்து விநாடிக்கு 1 மீட்டர் வேகம் கூட்டினால் பாதை சராசரியாக 1.8 கி.மீ. உயரும், ஒரு சுற்றுக்கு 2.2 விநாடி தாமதமாகும். ஒரு நாளில் 34 விநாடி. 5 மீட்டர் கூட்டினால் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். முந்தின நாள் எண்ணை வைத்துக்கொண்டு விநாடி சுத்தமாகக் காத்திருப்பவர்கள் கப்பலைத் தவறவிடுவது இதனால்தான். கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை எண்ணைப் புதுப்பியுங்கள். அப்படியும், கணித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் ஐந்து நிமிடம் பின்னும் கண்ணை எடுக்காதீர்கள்.

மூன்று சறுக்கல்கள் அடிக்கடி நடக்கின்றன. ஏவிய முதல் சில மணி நேரம் கப்பலுக்குப் பெயர் இருக்காது, 'ஆப்ஜெக்ட் ஏ' என்று மட்டும் பட்டியலில் கிடக்கும். சேர்ந்த பிறகோ பெயர் இருக்கும், ஆனால் பாதை நிலையத்தின் பாதையேதான். இரண்டும் ஒரே இடத்தில் தெரிகின்றன என்று செயலி காட்டினால் அது கண்டுபிடிப்பு அல்ல, கப்பல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றாவது, இடத்தைக் குறிக்காமல் விடுவது. ஏற்காட்டுக்கு வடக்கு 11.78, கிழக்கு 78.21, உயரம் 1500 மீட்டர் என்று போடுங்கள், சேலத்துக்கு 11.66, 78.15. இரண்டுக்கும் நேரத்தில் இரண்டு விநாடிகூட மாறாது, ஆனால் இடமே குறிக்காவிட்டால் வேறு ஏதோ கண்டத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே வழி, ஆனால் சற்று மேற்கே

நிலையம் நம் வானத்தில் இரண்டு வழிகளில்தான் போகும்: தென்மேற்கிலிருந்து வடகிழக்கு, அல்லது வடமேற்கிலிருந்து தென்கிழக்கு. கப்பலும் அதே சுற்றுப்பாதைத் தளத்தில் சுற்றுவதால் அதே சாய்வில்தான் வரும். ஆனால் அது வந்து சேரும் இடைவெளியில் பூமி கிழக்கே உருண்டிருக்கும். நான்கு நிமிட இடைவெளிக்கு ஒரு டிகிரி. சேலம் அட்சரேகையில் அது 109 கி.மீ. எனவே நிலையம் சரியாக உச்சந்தலைக்கு மேல் போயிருந்தால், நான்கு நிமிடம் பின்னால் வரும் கப்பல் மேற்குப் பக்கமாக 78 டிகிரி உயரத்தில் போகும். பத்து நிமிடம் என்றால் இன்னும் நன்றாகவே சரிந்துவிடும். நிலையம் போன அதே கோட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கப்பல் பக்கவாட்டில் நழுவிப் போயிருக்கும்.

அரை மணி நேர இடைவெளி என்றால் விட்டுவிடுங்கள். பாதை 800 கி.மீ. தள்ளி அரபிக்கடல் பக்கம் போய்விடும். சேருவதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம்தான் நமக்கு உகந்தது.

மாலையா, விடியற்காலையா

நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அதற்கு வெயில் பட வேண்டும். 400 கி.மீ. உயரத்தில் தலைக்கு நேர் மேலே உள்ள பொருள் மீது, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 டிகிரி இறங்கும்வரைதான் வெயில் படும். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அது 80 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் அரை மணி நேரம் வானம் இன்னும் வெளுத்திருக்கும். மார்ச்சில் சேலத்தில் ஆறரைக்குச் சூரியன் மறைகிறது என்றால், ஏழு மணியிலிருந்து ஏழு ஐம்பது வரைதான் உண்மையான நேரம். ஐரோப்பாவில் கோடையில் இரவு முழுக்கப் பார்க்கிறார்களே என்று கேட்காதீர்கள். அவர்கள் ஊர்ச் சூரியன் ஆழமாக இறங்குவதில்லை.

கடப்புகளும் தினமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. இன்று வந்தது நாளை 47 நிமிடம் முன்னதாகவும் 600 கி.மீ.க்கு மேல் கிழக்கே தள்ளியும் வரும். இன்று உச்சியில் போனது நாளை கிழக்கில் ஏறக்குறைய 37 டிகிரியில் போகும். சில நாள் மாலை, பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமே இல்லை, பிறகு சில நாள் விடியற்காலை என்று சுழன்றுகொண்டே இருக்கும். கப்பல் ஏவும் தேதி இந்தச் சுழற்சியில் எங்கே விழுகிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

தேர்வு கிடைத்தால் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். காரணம் இருக்கிறது. மாலையில் பூமியின் நிழல் நிமிடத்துக்கு நிமிடம் மேலே ஏறுகிறது. நிலையம் கிழக்கே 30 டிகிரி உயரத்தில் மறைந்தது என்றால், பத்து நிமிடம் பின்னால், அதுவும் தாழ்வாக வரும் கப்பல் அதற்கு வெகு முன்பே, சில நேரம் உச்சியைத் தொடும்போதே, நிழலில் புகுந்து அணைந்துவிடும். விடியற்காலையில் இது தலைகீழ்: நிழல் விலகிக்கொண்டே போகிறது, பின்னால் வருபவனுக்குத்தான் வெயில் அதிகம். நான்கரை மணிக்கு எழுந்திருப்பது ஒன்றுதான் கஷ்டம், அதற்குக் காபி இருக்கிறது.

எங்கே நிற்பது

சேலம் நகரம் கிண்ணத்துக்குள் இருப்பது போல. வடக்கே நகரமலை, மேற்கே கஞ்சமலை, தெற்கே ஜருகுமலை, வடகிழக்கே சேர்வராயன் மலைச் சுவர். ஊர் நடுவிலிருந்து பார்த்தால் இந்தச் சுவர் ஐந்தாறு டிகிரியைத்தான் மறைக்கும், அது பெரிய இழப்பில்லை. கோரிமேடு, கன்னங்குறிச்சி என்று மலையடிக்கு நெருங்க நெருங்க மறைப்பு கூடும். அடிவாரத்தில் நின்றால் வடகிழக்கு வானமே போய்விடும். கீழேயே பார்க்க விரும்புபவர்களுக்குப் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் நல்லது, விளக்கு குறைவு.

மலைக்கு மேலே லேடீஸ் சீட் பார்க்க அழகு, கப்பல் பார்க்க ஏற்றதல்ல. அது சேலத்தைப் பார்த்தபடி இருப்பதால் தென்மேற்கு அடிவானம் முழுக்க நகரத்தின் மஞ்சள் வெளிச்சம். தென்மேற்கிலிருந்து ஏறி வரும் கடப்பின் முதல் பாதி அதில் கரைந்துவிடும். பகோடா பாயிண்ட் பக்கம் கிழக்கு திறந்திருக்கும். வானம் முழுக்கத் தெரிவது சேர்வராயன் கோயில் மேட்டில்; மலையின் உச்சியே அதுதான். ஆனால் சுற்றுலா இடங்களுக்கு மூடும் நேரம் உண்டு, இரவில் காட்டெருமை நடமாட்டமும் உண்டு. அனுமதி இல்லாமல் காப்பித் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள். தங்கும் விடுதியின் மொட்டை மாடியே பெரும்பாலும் போதும், முகப்பு விளக்கை அரை மணி நேரம் அணைக்கச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். விடியற்காலைக் கடப்புக்காக இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வருவதைவிட முதல் நாளே வந்து தங்குவது மேல்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை நம்பலாம். ஏப்ரல், மே மாலைகளில் கோடை இடிமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மலை மேல் மேகம் உட்கார்ந்துவிடும். அப்போது கீழே சேலம் தெளிவாக இருந்து மேலே ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். அன்று மலையை மறந்துவிட்டுக் கீழேயே நில்லுங்கள். பௌர்ணமிக்கு முன்பின் மூன்று நாளும் மங்கலான கப்பலுக்கு ஆகாது.

அருந்ததிச் சோதனை

கப்பலின் பிரகாசம் 2ஆம் அளவிலிருந்து 4ஆம் அளவு வரை மாறும் (நட்சத்திர அளவில் எண் கூடினால் மங்கல்). சூரியத் தகடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு தொலைவில் போகிறது என்பதைப் பொறுத்தது. வானம் தயாரா என்று பார்க்கக் கருவி வேண்டாம். சப்தரிஷி மண்டலம் மேலே இருக்கும் காலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா பாருங்கள். அது 4ஆம் அளவு. தெரிந்தால் கப்பலும் தெரியும். அருந்ததி இல்லாமல் அத்ரி மட்டும் தெரிந்தால், அது 3.3, பைனாகுலர் எடுங்கள். சப்தரிஷி இல்லாத மாதங்களில் கார்த்திகைக் கூட்டத்தை எண்ணுங்கள், ஆறு எண்ண முடிந்தால் போதும். கல்யாண மண்டபத்தில் அருந்ததி பார்த்தேன் என்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சொன்னது இதில் சேராது.

உயரம் அளக்கக் கையை நீட்டுங்கள்: மூடிய முட்டி 10 டிகிரி, விரித்த சாண் 20, சுண்டு விரல் 1. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு ஃபோன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. கடப்பு நேரத்தைத் தாளில் எழுதிச் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சில் படியுங்கள். பைனாகுலர் 7x50 அல்லது 10x50. உச்சியில் பொருள் விநாடிக்கு ஒரு டிகிரி ஓடும், 10x50இன் வட்டத்தை ஆறு விநாடியில் கடந்துவிடும். அதனால் முதலில் வெறுங்கண்ணால் பிடித்து, அது 40 டிகிரிக்குக் கீழே மெதுவாகப் போகும்போது பைனாகுலரைத் தூக்குங்கள்.

இரண்டும் ஒரே பார்வையில் வருவதுதான் உச்சக் காட்சி. தலைக்கு மேலே இருக்கும்போது 4 கி.மீ. இடைவெளி ஒரு முழு நிலாவின் அகலம். அது கண்ணுக்குத் தாராளம். நிலையத்தைச் சுற்றி 200 மீட்டர் தடை எல்லைக்குள் கப்பல் நுழைந்த பிறகு வெறுங்கண்ணால் பிரிக்க முடியாது. அங்கே சிக்னஸ் மெல்ல ஊர்ந்து பத்துப் பன்னிரண்டு மீட்டரில் நிற்க, 17.6 மீட்டர் நீளமுள்ள கனடா இயந்திரக் கை எட்டிப் பிடித்து இழுத்துக்கொள்ளும். டிராகனும் புரோகிரஸும் தாமாகவே போய் ஒட்டிக்கொள்ளும். அது நமக்கு நேரலைக் காட்சிதான்.

படம் எடுக்க

நிலையத்தைப் படமெடுக்கும் பழக்கத்தில் கப்பலுக்கும் முப்பது விநாடி திறந்து வைப்பார்கள். நிலையத்துக்கு அது சரி. கப்பலுக்கு நேரத்தைக் கூட்டினால் கோடு நீளுமே தவிரப் பிரகாசம் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியிலும் அது இருக்கும் நேரம் மாறுவதில்லை. வானத்தின் வெளிச்சம் மட்டும் ஏறி, மங்கலான கோட்டை விழுங்கிவிடும். எனவே 5 முதல் 8 விநாடி, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, துளை எஃப் 2 அல்லது 2.8, ஒன்றன் பின் ஒன்றாக இடைவிடாமல். 14 மி.மீ. அகல லென்ஸைவிட 35 மி.மீ. நல்லது, அதே எஃப் எண்ணில் அதன் வாய் பெரியது, மங்கலான கோடு தெளிவாக விழும். வானம் குறைவாக அடங்கும் என்பதால்தான் மேற்கே எத்தனை டிகிரி என்ற கணக்கு வேண்டும். ஃபோக்கஸை ஒரு நட்சத்திரத்தில் வைத்து, ஆட்டோவை அணைத்துவிடுங்கள். ஃபோனில் என்றால் புரோ முறை, முக்காலி, பத்து விநாடி. நிலையம் விழும், கப்பல் விழுந்தால் லாபம்.

மலையில் படம் கெடுவதற்கு முதல் காரணம் லென்ஸில் படியும் பனி. துடைத்த பத்து நிமிடத்தில் திரும்ப வரும். லென்ஸின் முன்பக்கம் நீண்ட மறைப்புக் குழாய் மாட்டுங்கள், கைச்சூட்டுப் பொட்டலம் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். பேட்டரியைச் சட்டைப் பைக்குள் சூடாக வைத்திருங்கள்.

கப்பல் அல்லாதவை

புரோகிரஸை ஏற்றிச் செல்லும் சோயூஸ் ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு இரண்டு மூன்று நாள் வரை சுற்றிக்கொண்டிருக்கும், ஏறக்குறைய அதே வழியில். உருண்டுகொண்டே வருவதால் மின்னி மின்னி மங்கும். சீராக எரிந்தால் கப்பல். சீனாவின் தியான்கோங் நிலையமும் நம் தலைக்கு மேல் அடிக்கடி வரும், அதன் பாதைச் சாய்வு 41.5 டிகிரி என்பதால் மேற்கு கிழக்காகச் சற்றுப் படுத்துப் போகும். ஒன்றன் பின் ஒன்றாக இருபது முப்பது புள்ளிகள் போனால் ஸ்டார்லிங்க். விமானத்தில் சிவப்பும் பச்சையும் கண் சிமிட்டும்.

கையில் ஹாம் ரேடியோ இருந்தால் 145.800 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம்மில் வைத்துப் பாருங்கள். நிலையத்து வீரர்கள் பள்ளிகளோடு பேசும் நாளில் குரல் கேட்கும், ஏறி வரும்போது அலைவரிசை சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் கூடியும் இறங்கும்போது குறைந்தும் இருக்கும். கப்பலின் சொந்தத் தகவல் தொடர்பு இந்தக் கருவியில் சிக்காது. பேசுவதற்கு உரிமம் கட்டாயம்.

வரும்போது தவறவிட்டவர்களுக்கு, கப்பல் கிளம்பும்போது இன்னொரு வாய்ப்பு. அப்போது எல்லாம் திரும்பிவிடும்: தாழ்ந்த பாதைக்கு இறங்குவதால் கப்பல் நிலையத்துக்கு முன்னே ஓடும், முன்னே வருவதால் நிலையத்துக்குக் கிழக்கே தள்ளிப் போகும், மாலைக் கடப்பே அதற்குச் சாதகம். புரோகிரஸ் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எரிக்கப்படும், டிராகன் கடலில் இறங்கிவிடும். சிக்னஸ் சில பயணங்களில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் தங்கியிருந்து பிறகுதான் பசிபிக்கின் தென்பகுதிக்கு மேல் எரிந்து முடியும். 5 கி.மீ. தாழ்வாக இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 விநாடி, ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் முந்தும். பிரிந்த மறுநாள் மாலை, நிலையத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வானத்தைப் பார்க்கத் தொடங்குங்கள்.